தானாகத் திறக்கக் கூடாத பக்கம்

சனிக்கிழமை காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரத்து மேஜையில், கணினிக்கு முன்னால், மருமகள். பால்கனிக் கதவை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் மாமனார். மடியில் சிலேட்டு, சட்டைப் பையில் பலப்பம். சோபாவில் கால் மேல் கால் போட்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி அவள் கணவன்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அதில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது கணவனின் தம்பிக்கு உரியது. திருப்பிப் போட்டது கணவன். துடைத்து வைக்கும்போதுகூட அதை நேராக்க அவளுக்கு அனுமதி இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நாள். தொண்டையில் வந்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்தால் உயிர் தங்கும், குரல் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அறுவைக்கு முந்தின நாள் முழுக்க மாமனார் ஆஸ்பத்திரியில் யாரோடும் அதிகம் பேசாமல், இருக்கிற குரலைச் சேமித்து வைத்துக்கொண்டு, சின்னவனுக்காகக் காத்திருந்தார். வருகிறேன் என்று சொன்ன சின்னவன் வரவில்லை. அவனிடம் சொல்ல வைத்திருந்தது என்னவோ, அது குரலோடு போயிற்று.

அதன் பிறகு சின்னவன் எழுதிய கடிதங்களுக்கு இந்த வீட்டிலிருந்து பதில் போகவில்லை. கெஞ்சிப் பார்த்தான். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டு, தன்னிடம் இருந்த பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, வாரம் ஒன்றாக அனுப்ப ஆரம்பித்தான்.

அந்தக் கேசட்டுகளுக்கு ஒரு கதை உண்டு. மாமனார் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகி, விடுமுறையில் வீட்டுக்கு வந்தாலும் உப்பு கேட்பதைக்கூட ஊருக்கே அறிவிக்கிற மாதிரிதான் கேட்பார். மாமியார் அவருக்கு வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். அவர் கப்பலில் இருந்து கேசட்டின் ஏ பக்கத்தில் பேசித் தபாலில் அனுப்புவார். பி பக்கத்தில் மாமியாரும் பிள்ளைகளும் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே மறுபடி பேசுவார். அப்படிப் பேசினால் பழைய பேச்சு அழிந்து போகும். அழிய வேண்டாம் என்று தோன்றிய கேசட்டை மட்டும் மாமியார் எடுத்து, மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் கொண்டை ஊசியால் உடைத்துவிடுவார். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. மாமியார் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மிஞ்சியிருந்ததெல்லாம் அவர் உடைத்து வைத்த கேசட்டுகள்தான்.

"இந்தப் பின்னக் கூட்டல்ல கீழ இருக்கிற எண் ரெண்டும் வேற வேற. அப்ப நேரடியா கூட்டலாமா?" மருமகள் திரையில் இருந்த பிள்ளைகளைக் கேட்டாள்.

"கூடாது டீச்சர்," என்று ஐந்தாறு குரல்கள்.

"ஏன் கூடாது?"

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

"ஹலோ. ஹலோ. டெஸ்டிங். கேக்குதா? நான்தான் பேசுறேன். வேற யாரு பேசப் போறா."

மேஜையின் இரண்டு பக்கமும் இருந்த ஒலிபெருக்கிகளில் இருந்து, கூடம் கொள்ளாத குரல். அடியில் கப்பல் எஞ்சினின் உறுமல். திரையின் மூலையில் பாட்டுப் போடும் ஜன்னல் தானாக விரிந்து நின்றது. வகுப்புக்கு முன்னால் அவள் தரவிறக்கத்துக்குப் போட்டுவிட்டு மறந்த கோப்பு, ஆமை வேக இணைப்பில் ஊர்ந்து ஊர்ந்து இப்போது வந்து சேர்ந்து, வந்த வேகத்தில் தானே திறந்துகொண்டது.

"இங்க எல்லாரும் சௌக்கியம். எல்லாரும்னா நானும் இந்த எஞ்சினும். பெரியவனே, தம்பிய அடிக்காத. சின்னவனே, அண்ணன் அடிச்சா அழுதுகிட்டு நிக்காத, திருப்பி அடி."

திரையில் சிரிப்பு வெடித்தது.

"டீச்சர், யாரு அது?"

"டீச்சர், திருப்பி அடிக்கலாமா டீச்சர்?"

எந்த ஜன்னலை மூடுவது என்று தெரியாமல் கணினி எலியை இங்கும் அங்கும் இழுத்தவள், கடைசியில் ஒலிபெருக்கியின் குமிழைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினாள். குரல் அடங்கியது. திரும்பிப் பார்த்தாள். பிரம்பு நாற்காலி காலி. மாமனார் பால்கனியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஒவ்வொரு வாரமும் இதேதான். குரல் கிளம்பியதும் அவர் எழுந்துவிடுவார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோப்பு ஓடி முடியும்வரை தெருவைப் பார்ப்பார்.

பிள்ளைகளை எழுதிக் காட்டச் சொல்லி வகுப்பை ஒருவழியாக முடித்து எழுந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். சத்தம் அடங்கிவிட்டது என்று மாமனார் உள்ளே வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் திரையின் மூலையில் இருந்தது. அந்தச் சின்ன ஜன்னலில் கோடு இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அலை அலையாக ஏறி இறங்கியது. அவருடைய குரல்தான், சத்தம் மட்டும் இல்லை.

மருமகளுக்கு உடம்பு கூசியது. மருத்துவர் செய்ததைத் தானும் ஒருமுறை செய்துவிட்ட மாதிரி இருந்தது. அவசரமாக அந்த ஜன்னலை மூடினாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. பிள்ளைங்க இருந்தாங்க. அதான் குமிழைத் திருகிட்டேன்."

அவர் பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்துவிட்டு நாற்காலிக்குப் போனார்.

அவள் நேராக சோபாவுக்கு வந்தாள். "ஏங்க, இது தானா திறக்கிற மாதிரி யாரு பண்ணி வச்சது?"

"நான்தான்." செய்தித்தாள் இறங்கவில்லை. "அப்பாவுக்கு அந்த எலியப் பிடிச்சு அமுக்கத் தெரியாது. நீ வகுப்பு, வகுப்புன்னு இருப்ப. வந்த உடனே தானா பாடட்டும்னுதான். ஒரு சந்தோஷம்."

"யாருக்குச் சந்தோஷம்? குரல் வந்தாலே எந்திரிச்சு ஓடுறார். பாத்ததில்லையா நீங்க?"

"காத்து வாங்கப் போறார்."

"ஒவ்வொரு தடவையும் கரெக்டா அந்த நேரத்துக்குத்தான் காத்து வேணுமா அவருக்கு? போன குரலை இப்படித் திடுக்குனு காதுல போட்டா யாருக்குத்தான் வலிக்காது. முதல்ல நிறுத்துங்க அதை."

"டீச்சரம்மா, உன் வகுப்புக்கு இடைஞ்சல்னு சொல்லு, ஒத்துக்கிறேன். அப்பா தலைல போடாத."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சிலேட்டில் பலப்பம் தட்டும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து கணினி அருகில் நின்றிருந்தார். விரல் திரையின் மேல் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு சிறு வட்டம். பாதிக்கு மேல் நிறைந்து, மெல்ல மெல்ல நிறைந்துகொண்டே இருந்தது. சின்னவன் இந்த முறை இரண்டு கோப்பு அனுப்பியிருந்தான். அவளும் கவனிக்காமல் இரண்டையும் போட்டிருக்கிறாள். இரண்டாவது இன்னும் வழியில் இருந்தது. அதற்கு அவன் வைத்திருந்த பெயரை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"கப்பலுக்கு, பி பக்கம், இன்னும் அனுப்பவில்லை."

மாமனார் சிலேட்டில் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. *உங்க அம்மா.*

செய்தித்தாள் இறங்கியது. "அம்மாவா? அம்மா குரலா? நான் கேட்டிருக்கேனா இதை?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அழித்துவிட்டு எழுதினார். *நானும் கேட்டதில்ல.*

பிறகு அவர் எழுதுவதும், அவள் படிப்பதும், அவர் உள்ளங்கையால் அழிப்பதுமாக விஷயம் துண்டு துண்டாக வந்தது. மாமியார் கடைசியாகப் பேசிய கேசட் அது. பேசி முடித்து, ஊசியால் உடைத்து, மேலே பெயரெழுதி வைத்திருந்தார். அதற்குள் கப்பலை விற்றுவிட்டார்கள் என்று இவர் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். ஒரு பக்கம் முழுக்கப் பேசி வெச்சிருக்கேன், ஒருநாள் போட்டுக் கேளுங்க என்று மாமியார் சொல்லியிருக்கிறார். நீதான் எதிர்லயே நிக்கிறியே, கேசட் எதுக்கு என்று இவர் வீடே அதிரச் சிரித்திருக்கிறார். அந்த ஒருநாள் வரவே இல்லை. கேசட் போடும் கருவி கெட்டுப் போயிற்று. பிறகு மாமியாரும் போய்விட்டார்.

*ஒவ்வொரு வாரமும் அடுத்தது அதுவா இருக்குமோன்னு பயம். சொல்லாம கொள்ளாம அவ குரல் வந்துட்டா என்னால முடியாது.*

மருமகள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். தன் குரலுக்குப் பயந்து ஓடுகிறார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். அவர் ஓடியது, தன் குரல் முடிந்த பிறகு யார் குரல் வருமோ என்று.

வட்டம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

"ரத்து பண்ணிடு. இன்னொரு நாள் இறக்கிக்கலாம்," என்று எழுந்து வந்து திரையைக் காட்டினான் கணவன்.

மாமனார் அவன் கையைப் பிடித்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சிலேட்டில் எழுத நேரமில்லாமல் உதடுகளாலேயே சொன்னார். உதடு படிக்க அந்த வீட்டில் மருமகளுக்குத்தான் வரும்.

"திருப்பி அனுப்பக் கூடாதாம். அவங்களை ஒரு தடவை காக்க வச்சது போதுமாம்."

"அப்ப அந்தத் தானா திறக்கிறதை நிறுத்தணும். எங்கயோ ஒரு டிக் போட்டேன்."

"எங்கயோன்னா?"

"எங்கயோன்னா எங்கயோ. ஞாபகம் இருந்தா எங்கயோன்னு சொல்வேனா?"

அவள் உட்கார்ந்தாள். பாட்டுப் போடும் மென்பொருளைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் புகுந்தாள். பாட்டுக்கு நடுவில் இடைவெளி வேண்டுமா, அடுத்த பாட்டு தானாக வர வேண்டுமா, ஜன்னல் என்ன நிறத்தில் வேண்டும் என்றெல்லாம் அது கேட்டது. வந்த கோப்பைத் திறக்காதே என்று சொல்ல அங்கே இடமில்லை. குமிழைத்தான் திருகி வைத்தாயிற்றே, சத்தம் வராதே என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, சத்தமில்லாமல் ஓடிய அந்தக் கோடும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகமும் நினைவுக்கு வந்தன. அதை இன்னொரு முறை அவருக்குக் காட்ட அவளுக்கு மனசில்லை.

போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு. அவர்தானே அனுப்பினது."

"என் எதிர்ல வேண்டாம்."

"அப்ப நீங்க மறுபடியும் பேப்பருக்குப் பின்னால போயிடுங்க."

அவன் போனான். அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணி? அப்பாவுக்கு ஏதாவது?"

"அப்பா நல்லா இருக்கார். பக்கத்துலதான் நிக்கிறார். நீங்க அனுப்பின ரெண்டாவது கோப்பு வந்துகிட்டே இருக்கு. வந்த உடனே தானா திறந்துக்கும். திறக்கக் கூடாது. எங்க நிறுத்தணும்?"

"எதுல தேடுனீங்க?"

"பாட்டுப் போடுறதுல."

"அதுல இருக்காது அண்ணி. அது எதைக் குடுத்தாலும் பாடும், அது மேல தப்பில்ல. இணையம் பாக்குறீங்கல்ல, அந்த உலாவிதான் எடுத்துக் குடுக்குது. முதல் கோப்பு வந்து முடிஞ்சிருக்கில்ல, அது மேல எலிய வச்சு, எலியோட வலது பக்கம் அமுக்குங்க. ஒரு சின்னப் பட்டியல் வரும்."

"வந்துடுச்சு."

"இந்த வகைக் கோப்புகளை எப்போதும் திறன்னு இருக்கா? பக்கத்துல டிக் இருக்கும்."

"இருக்கு."

"அதையே இன்னொரு தடவை அமுக்குங்க. டிக் போயிடும். அவ்வளவுதான்."

அமுக்கினாள். பட்டியல் மறைந்தது. மறுபடி திறந்து பார்த்தாள். டிக் இல்லை.

"இந்த ஒண்ணுக்கா, எல்லாத்துக்குமா?"

"இந்த மாதிரி ஒலிக் கோப்பு எது வந்தாலும் இனி சும்மா வந்து உக்காந்திருக்கும். நாம தொட்டாத்தான் திறக்கும்."

வட்டம் நிறைய ஒரு கீற்றுதான் பாக்கி. செய்தித்தாள் ஒரு பக்கம் சரிந்து, அதற்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன.

வட்டம் நிறைந்தது. சின்னதாக ஒரு குறி தோன்றி மறைந்தது.

ஒன்றும் திறக்கவில்லை. கூடம் கூடமாகவே இருந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாமனார் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் தளர்த்தினார்.

"வந்துடுச்சு. திறக்கல," என்றாள் மருமகள்.

"நல்லது." சின்னவன் கொஞ்சம் தயங்கினான். "அண்ணி, அந்த பி பக்கம் நானும் கேக்கல. கேசட்லேர்ந்து மாத்தும்போது சத்தத்தை முழுசா குறைச்சு வச்சுட்டு அடுத்த ரூம்ல போய் உக்காந்துகிட்டேன். அது அப்பாவுக்குன்னு பேசினது. இன்னொண்ணு, எனக்குத் தைரியமும் இல்ல."

"என்ன தைரியம்?"

"அன்னிக்கும் அதேதான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன் அண்ணி. இனிமே இந்தக் குரல் இருக்காதுன்னு தெரிஞ்சுகிட்டே போய், எதிர்ல நின்னு அதைக் கேக்கணும். கால் உள்ள போகல. திரும்பிட்டேன். அண்ணன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னும் தெரியல." குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் இருக்காரா?"

அவள் செய்தித்தாளைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டு, இல்லை என்று ஆட்டியது.

"இல்லைன்னு சொல்லச் சொல்றார்," என்றாள்.

போனில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டு அடங்கியது.

போனை வைத்த பிறகு மாமனார் எலியின் மேல் கையை வைத்தார். அமுக்கவில்லை. அதன் முதுகைத் தடவிக் கொடுப்பதுபோல் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். திரும்பி பால்கனியைப் பார்த்தார், இத்தனை வாரம் தான் போய் நின்ற இடத்தை. பிறகு மேஜையில் கிடந்த போனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேஜைக்குப் போய், சுவரைப் பார்த்திருந்த அந்த நாற்காலியை இழுத்துத் திருப்பினார். அதிலேயே உட்கார்ந்தார். காகிதம் வேண்டும் என்று சைகை காட்டினார்.

போனில் தட்டி அனுப்ப அவருக்குத் தெரியாமல் இல்லை. தட்டியதெல்லாம் தபால் ஆகாது என்பது அவர் கட்சி. மேலே வலது மூலையில் தேதி, இடது பக்கம் ஒரு விரல்கடை இடம், பெறுநரை அழைக்கும் வரி தனியாக. கப்பலில் வருஷக்கணக்காகச் செய்த ஒழுங்கு கை மறக்கவில்லை. எழுதி முடித்து, மை உலரட்டும் என்று ஊதினார். ஊதியது அறுவையில் போட்ட தொண்டைத் துளை வழியாகப் போயிற்று. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை விசிறினார்.

பிறகு அதை மருமகளிடம் நீட்டினார்.

*சின்னவனுக்கு,*

*அம்மாவின் பக்கம் பத்திரமாக வந்து சேர்ந்தது. திறக்கவில்லை.*

*அன்றைக்கு நீ ஏன் வரவில்லை என்று இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நானும் வாராவாரம் பால்கனிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது இன்று காலையில்தான் உறைத்தது. நம் இரண்டு பேர் காலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.*

*கிளம்பி வா. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். அதுவரை அதை யாரும் தொட மாட்டோம்.*

*உன் அப்பா.*

படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். மடிக்கப் போனாள். அவர் அதை வெடுக்கென்று வாங்கினார். "மூன்று" என்பதை அடித்துவிட்டு மேலே "நான்கு" என்று எழுதி, அவளைப் பார்த்து ஒரு அதட்டல் பார்வை பார்த்தார். குரல் இருந்த காலத்தில் அந்தப் பார்வையோடு என்ன அதட்டல் வந்திருக்கும் என்று அவளுக்குக் கேட்டது.

உறையில் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, பசை தடவி, கட்டை விரலால் விளிம்பு முழுக்க அழுத்தி ஒட்டினார். எழுந்து போய், சோபாவில் விரிந்திருந்த செய்தித்தாளுக்கு மேலாக அந்த உறையை நீட்டினார்.

மூத்தவன் முகவரியைப் பார்த்தான். தம்பி பெயரைப் பார்த்தான். நேராகத் திரும்பியிருந்த நாற்காலியையும் பார்த்தான்.

"நானா போடணும்? இவளைப் போகச் சொல்லுங்களேன்."

மாமனார் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எனக்கு அடுத்த வகுப்பு இருக்கு," என்றாள் மருமகள். இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். படியில் இறங்கும் சத்தம் வழக்கத்தை விட மெதுவாகக் கேட்டது.

அவள் பால்கனிக்கு வந்தாள். மாமனாரும் வந்து பக்கத்தில் நின்றார். தெரு முனையில், மருந்துக் கடைக்கு எதிரே தபால் பெட்டி தெரிந்தது. அவன் அங்கே போய்ச் சேர்ந்தான். உறையைப் பெட்டியின் வாய்வரை கொண்டுபோனான். நின்றான்.

போட்டுவிடு என்று அவள் மனசுக்குள் சொன்னாள். பக்கத்தில் மாமனாரின் உதடுகளும் அசைந்தன.

அவன் கையை இறக்கினான். திரும்பி வருவானோ என்று அவள் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஆனால் அவன் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தான். உறையைத் திருப்பித் தபால் பெட்டியின் தலையிலேயே வைத்து, குனிந்து, அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதினான். ஒரு வரிதான் இருக்கும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவதும் தெரிந்தது. என்னவென்று படிக்க அங்கிருந்து யாராலும் முடியாது.

பிறகு உறையைப் பெட்டிக்குள் போட்டான். விழுந்ததா என்று பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.